இடுப்பெலும்பு முறிந்து வருபவரின் எடையை அளந்து எழுதுங்கள்: ஒரு திறந்த மடல்

பெறுநர்: மக்கள் நல்வாழ்வுத் துறையின் உயர் அலுவலர்கள், அரசு மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்கள், எலும்பு முறிவுப் பிரிவுத் தலைவர்கள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் எலும்பு முறிவுப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். அறுவை அரங்கிலும் நெடுங்காலம் நின்றிருக்கிறேன். இடுப்பெலும்போ, தொடையெலும்பின் பந்து போன்ற மேல்முனை பொருந்தியிருக்கும் இடுப்பு மூட்டின் கிண்ணமோ உடைந்து வருபவர் மிகப் பருமனாக இருந்தால், அவருடைய எடையை விபத்துப் பிரிவிலேயே அளந்து எழுத வேண்டும்; அடுத்தடுத்த ஏற்பாடுகள் எல்லாம் அந்த எண்ணை வைத்து நடக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல். இது ஏன் ஒரு மடல் எழுதும் அளவுக்குப் பெரிய செய்தி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

எங்கள் வார்டில் இருந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவர். மகனின் வண்டியில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனபோது வேகத்தடையில் தூக்கி எறியப்பட்டு, வலப்பக்க இடுப்பு தரையில் மோத விழுந்தார். கிண்ணம் நொறுங்கி, தொடையெலும்பின் பந்து உள்ளே தள்ளியிருந்தது. அவருடைய கேஸ் ஷீட்டில் எடை 80 கிலோ என்று இருந்தது. யாரும் அளக்கவில்லை; பார்த்தவர் மனத்தில் தோன்றிய எண் அது. படுத்த நோயாளியை எடை பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை. வாரங்கள் கழித்து, வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது 112 காட்டியது. படுக்கையில் இளைத்த பிறகே அவ்வளவு. அதுவரை இரத்தம் உறையாமல் இருக்கப் போட்ட ஊசி, மயக்க மருந்துக் கணக்கு, முறிந்த பக்கத்துக் காலை இழுத்துப் பிடிக்கும் இழுவைக்குத் தொங்கவிட்ட எடை எல்லாமே அந்த 80-ஐ நம்பித்தான் நடந்தன. இடையில் அவருக்குக் காலில் இரத்தக் கட்டி வந்தது. இடுப்பெலும்பு முறிந்த யாருக்கும் அது வரலாம் என்பதால், மருந்து அளவு குறைந்ததுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சரியான எண் எங்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் அபூர்வமாக வருகிறவர்கள் அல்லர். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 37 விழுக்காட்டினருக்கும் உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ) 25 அல்லது அதற்கு மேல். 2015-16-இல் இது பெண்களில் 30.9, ஆண்களில் 28.2 ஆக இருந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் சற்றே கூடிய எடை உள்ளவர்கள்தாம். நான் பேசுவது குறியீட்டெண் 40-ஐ நெருங்குபவர்களையும் தாண்டியவர்களையும் பற்றி. அந்த எண்ணைக் கேட்டால் கதவில் நுழைய முடியாத உடலைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு 96 கிலோ இருந்தாலே குறியீட்டெண் 40 ஆகிவிடும். நம் கடைத்தெருவில் தினமும் பார்க்கிற உருவம் அது.

முதல் மணி நேரத்திலிருந்து தொடங்குகிறேன். இடுப்பெலும்புகள் சேர்ந்து ஒரு வளையம். கண்ணாடி வளையலை ஓரிடத்தில் மட்டும் உடைத்துத் திறக்க முடியாது என்பதுபோல், இந்த வளையம் விரிந்து திறந்தால் முன்னும் பின்னும் இரண்டு இடங்களிலாவது விட்டுப்போயிருக்கும். பின்பக்கத்து இரத்தநாளங்கள் கிழிந்து, லிட்டர் கணக்கில் இரத்தம் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளேயே தேங்கும். அதைத் தடுக்கத்தான் இடுப்பைச் சுற்றி இறுக்கமாகப் பட்டை கட்டுகிறோம். பட்டை இருக்க வேண்டிய இடம் தொடையெலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்து நிற்கும் உயரம். பருமனான உடலில் அந்த எலும்பு கைக்கு எளிதில் தட்டுப்படாது. அவசரத்தில் பட்டை வயிற்றின் மேலேறிவிடுகிறது. அங்கே கட்டினால் பயன் குறைவு. முறிவைப் பொறுத்துக் கெடுதலும் நேரலாம். கையிருப்பில் உள்ள பட்டையின் நீளமும் பல நேரம் போதாது. அகலமான போர்வையை மடித்து, சரியான உயரத்தில் முறுக்கிக் கட்டி, முழங்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சமாளிக்கலாம். ஆனால் இதை 108 ஊழியருக்கும் இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவருக்கும் பருமனான உடலில் கட்டிக் காட்டிப் பழக்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று, இரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டை. இதைப் படிக்கிற மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் தினமும் நடக்கிறது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். உள்ளே இரத்தம் வடிந்துகொண்டிருக்கும் ஒருவருக்குக் கருவி 110 காட்டும்போது உண்மை 90 ஆக இருக்கலாம். அந்த நம்பிக்கையில் அரை மணி நேரம் போகும். பெரிய அளவுக் கைப்பட்டையின் விலை மிகச் சொற்பம். எங்கள் விபத்துப் பிரிவில் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் கிழிந்தது.

தொடையெலும்பின் பந்து கிண்ணத்திலிருந்து பின்பக்கமாக விலகியிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் திரும்ப உள்ளே சேர்க்க முயல்வார்கள். தாமதமானால் பந்தின் இரத்த ஓட்டம் கெட்டு அது செத்துப்போகக்கூடும். பக்கத்தில் ஓடும் பெரிய நரம்பு அழுந்திக்கிடந்தால் பாதம் தொங்கிப்போகும். கனமான தொடையை இழுத்து நேராக்க முழு மயக்கமும் கூடுதல் ஆட்களும் தேவை. எடை முன்பே தெரிந்திருந்தால் மயக்க மருத்துவரை முன்பே எழுப்பலாம். பருமனான பலருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் தொல்லை இருக்கும், கழுத்து குட்டையாகத் தடித்திருக்கும். குழாய் போடுவது கடினம் என்பதை மேசையில் படுக்கவைத்த பிறகு கண்டுபிடிக்கக் கூடாது.

அறுவை அரங்கில் நடப்பதை அங்கே நின்றவளாகச் சொல்கிறேன். கிண்ணத்தின் பின்சுவரைச் சரிசெய்யப் பிட்டத்தின் வழியே போக வேண்டும். தோலுக்கும் தசைக்கும் இடையில் ஓர் உள்ளங்கை ஆழத்துக்குக் கொழுப்பு. வெட்டிய சதையை விலக்கிப் பிடிக்க நம் தட்டில் இருக்கும் விலக்கிகள் அந்த ஆழத்துக்கு எட்டாது. எட்டுவதற்காக வெட்டை நீட்டுகிறார்கள். நீட்ட நீட்ட இரத்தம் போகிறது. இரண்டு பேர் பிடிக்க வேண்டிய இடத்தில் நான்கு பேர் பிடித்துக் கை நடுங்குகிறது. முன்பக்கமாகப் போவதென்றால் தொங்கும் வயிற்று மடிப்பை மேலே தூக்கி ஒட்டிவைத்த பிறகே தொடை இடுக்கில் கத்தி வைக்க முடியும். அந்த மடிப்பு எப்போதும் வியர்த்து ஈரமாக இருக்கும் இடம். பெரிதாகத் திறக்காமல் தோல்வழியே நீண்ட திருகாணியைச் செலுத்துவது இவர்களுக்கு நல்ல வழி, ஏனென்றால் காயம் சிறிது. அதற்கு, அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியின் படம் தெளிவாக வேண்டும். அத்தனை சதையை ஊடுருவி வரும் படம் மங்கலாகத்தான் இருக்கும். நீளமான வழிகாட்டிக் கம்பியும் நீளமான திருப்புளியும் வேண்டும். அவை திருகாணிகளைத் தரும் கம்பெனியின் பெட்டியில் தனியாகக் கேட்டால்தான் வரும். எடை தெரியாதவர் எப்படி முன்கூட்டிக் கேட்பார்?

கிண்ணத்தின் உட்பரப்பில், உடலின் எடையைத் தாங்கும் பகுதியில், 2 மில்லிமீட்டருக்கு மேல் படிபோல ஏற்றத்தாழ்வு இருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே பரிந்துரைக்கப்படுகிறது. அந்தப் படி அப்படியே விடப்பட்டால் மூட்டுத் தேய்ந்து, சில ஆண்டுகளில் செயற்கை மூட்டு தேடி வர வேண்டியிருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் சேர்க்க வேண்டிய எலும்பை ஓர் ஆழக் கிணற்றின் அடியில் சேர்க்கச் சொல்கிறோம். அதற்குரிய கருவி கேட்பதை ஆடம்பரம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இதன் விளைவுகளை எண்களிலும் பார்த்திருக்கிறார்கள். இடுப்புக் கிண்ண முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்ற 169 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. குறியீட்டெண் 30-ஐத் தொட்டவர்களுக்கு 750 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் இழக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. காலின் ஆழ்நாளங்களில் இரத்தக் கட்டி வரும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் சற்று மேல். 40-ஐத் தொட்டவர்களுக்குக் காயத்தில் சீழ் வைக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு. இடுப்பு வளைய முறிவு குறித்து 2010-இல் வந்த இன்னோர் ஆய்வில், பருமனானவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கும் மற்றவர்களில் 15 பேருக்கும் ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்திருந்தது.

இந்த எண்கள் நம்மிடம் எப்படிப் பயன்படுகின்றன என்பதுதான் என்னை எழுதத் தூண்டியது. "உடம்பு ரொம்பப் பெரிது, ரிஸ்க் அதிகம்" என்று சொல்லி அறுவை சிகிச்சையைத் தள்ளிவைப்பதற்கு அவை காரணமாகின்றன. எல்லா முறிவுக்கும் கத்தி தேவையில்லை என்பதும், சிலருக்கு இழுவை போட்டு விடுவதே நல்லது என்பதும் எனக்குத் தெரியும். அந்த முடிவை எடுக்கும் மருத்துவரின் தகுதியை நான் கேள்வி கேட்கவில்லை. எலும்பைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவை, நம்மிடம் இல்லாத கருவியைப் பார்த்து எடுக்கிறோம் என்பதே என் வருத்தம். தள்ளிவைத்தால் நோயாளி என்ன செய்கிறார்? வீட்டார் வண்டி பிடித்துக் கட்டு வைத்தியரிடம் அழைத்துப் போகிறார்கள். கைமுறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதுபோல இடுப்புக் கிண்ணத்துக்கு எதையும் கட்ட முடியாது. மூன்று வாரம் கழித்து வலி தாளாமல் திரும்பி வரும்போது, முறிந்த துண்டுகள் கோணலாகவே ஒட்டத் தொடங்கியிருக்கும். முதல் பத்துப் பதினைந்து நாளில் செய்திருந்தால் ஒருவேளை சரியாகியிருக்கும் எலும்பு அது. ஆபத்து அதிகம் என்றால் ஆயத்தமும் அதிகம் என்றுதானே பொருள் கொள்ள வேண்டும்?

பருமனான நோயாளியிடம் நாம் பேசும் விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரெச்சரிலிருந்து மாற்றும்போது ஊழியர்கள் முனகுவதும், "இவ்வளவு வளர்த்து வைத்திருக்கிறீர்களே" என்று இளம் மருத்துவர் சொல்வதும் அவர்கள் காதில் விழாமல் இல்லை. முறிந்த எலும்போடு படுத்திருப்பவர் பத்து நாளில் முப்பது கிலோ குறைக்க முடியாது. அந்த நேரத்து அறிவுரையால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை; அவமானம் மட்டும் மிஞ்சும். அவமானம் மருத்துவரீதியாகவும் கெடுக்கும். நான் மேலே சொன்ன அம்மா ஒரு நாள் என்னிடம், "சிஸ்டர், பெட்பேன் வைக்க நான்கு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன்" என்றார். உடலில் நீர் குறைந்தால் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். அவரைத் திருப்பிப் போடவும் நான்கு பேர் தேவை என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டியது இரவில் ஒருமுறையே நடந்தது. படுக்கைப் புண் வந்தது. ஒரு செவிலியருக்கு முப்பது நாற்பது நோயாளிகள் இருக்கும் வார்டில் நோயாளியையும் குற்றம் சொல்ல முடியாது, செவிலியரையும் குற்றம் சொல்ல முடியாது. நோயாளியை வழுக்கி நகர்த்தும் விரிப்பு, காற்று மெத்தை, மேலே பிடித்து எழத் தொங்கும் பிடி ஆகிய மூன்றும் இருந்திருந்தால் இரண்டு பேரே போதும்.

உணவிலும் ஒரு தவறு நடக்கிறது. "இப்போதாவது குறையட்டும்" என்று வீட்டார் சாப்பாட்டைப் பாதியாக்குகிறார்கள். நாமும் ஆமோதிக்கிறோம். பருமனாக இருப்பவருக்கும் புரதக் குறைவு இருக்கலாம், வைட்டமின் டி குறைவு இருக்கலாம். முட்டையையும் பாலையும் பருப்பையும் நிறுத்தினால் காயம் ஆறாது. சர்க்கரை நோய் இருப்பதே பலருக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது. அதற்குரிய கட்டுப்பாடு வேண்டும், பட்டினி வேண்டாம். எடை குறைப்புப் பேச்சு எலும்பு கூடி அவர் நடமாடத் தொடங்கிய பிறகு மரியாதையாகத் தொடங்கட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்த சிக்கல் பிறக்கிறது. முறிந்த பக்கத்துக் காலில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை முழு எடை கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்கிறோம். 55 கிலோ இளைஞர் ஊன்றுகோலில் துள்ளிப் போய்விடுவார். 110 கிலோ அம்மா தம் உடலை இரண்டு கைகளிலும் ஒற்றைக் காலிலும் தாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் மடக்கு வாக்கர்களில் பல 100 கிலோ அளவுக்கே ஆனவை. கழிப்பறையோ குந்தி உட்காரும் வகை. அவர் தெரியாமல் காலை ஊன்றிவிடுவார், எலும்பைச் சேர்த்துப் பொருத்திய பிளேட் நகரும், "சொன்னதைக் கேட்கவில்லை" என்று நாம் எழுதுவோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் 2021 முதல் வீடு வீடாகப் போகிறார்கள். இந்த நோயாளிகளின் பட்டியல் வார்டிலிருந்து நேராக அவர்களுக்குப் போய்விட்டால், வீட்டைப் பார்த்து, கட்டிலின் உயரத்தைப் பார்த்து, நாற்காலிக் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்ய அவர்களால் முடியும். புதிய திட்டம் எதுவும் தேவையில்லை.

நம் மாநிலத்தில் இதைச் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் முறையைப் பார்த்துப் பிற மாநிலங்கள் கற்றுக்கொண்டன. விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிக் காக்க 2021 டிசம்பரில் இன்னுயிர் காப்போம் திட்டம் வந்தது. அந்த 48 மணி நேரத்துக்குள் பருமனான உடலுக்கும் பொருந்தும் கருவிகள் இருக்க வேண்டும் என்பதையே சேர்த்துக் கேட்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. விபத்து சிகிச்சை மையம் ஒவ்வொன்றிலும் படுத்தபடியே எடை பார்க்கும் தளம் ஒன்று வேண்டும். அதைத் தரையில் பதித்து ஸ்ட்ரெச்சரோடு ஏற்றி, ஸ்ட்ரெச்சரின் எடையைக் கழித்துக்கொள்ளும் வகையில் அமைத்தால் செலவும் குறைவு. கேஸ் ஷீட்டில் எடைக்கு நேரே "அளந்தது", "உத்தேசம்" என்று இரண்டு கட்டங்கள் அச்சிடுங்கள். உத்தேசம் என்றால் 24 மணி நேரத்துக்குள் அளந்து திருத்த வேண்டும். அடுத்த முறை ஸ்ட்ரெச்சர், அறுவை மேசை, சிடி ஸ்கேன் வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது அவை தாங்கும் எடையையும் ஸ்கேன் வளையத்தின் உள்விட்டத்தையும் நிபந்தனையாக எழுதுங்கள். இப்போது இருப்பவற்றின் தாங்கும் எடையைப் பெரிய எழுத்தில் அவற்றின் மீதே ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் அரங்கின் மேசை எத்தனை கிலோ தாங்கும் என்பது அங்கே பணிபுரிந்த பலருக்குத் தெரியாது. நீள இடுப்புப் பட்டை, பெரிய கைப்பட்டை, ஆழ விலக்கிகள், நீளக் கம்பிகள் கொண்ட ஒரு பெட்டி மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். எல்லா மருத்துவமனையிலும் எல்லாம் இருக்க முடியாது. இல்லாத இடத்திலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும்போது, முறிவின் பெயரோடு எடையையும் தொலைபேசியில் சொல்லி, அங்கே மேசையும் ஆட்களும் தயாரான பிறகு அனுப்பும் வழக்கம் வேண்டும். இல்லையேல் நோயாளி ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு அலைவார். இரத்தம் உள்ளே வடிந்துகொண்டே இருக்கும்.

இரத்தம் உறையாமல் இருக்கும் ஊசியின் அளவை மிகப் பருமனானவர்களுக்கு எப்படித் தீர்மானிப்பது என்று எலும்பு, மயக்க, பொது மருத்துவப் பிரிவுகள் மூன்றும் கூடி ஒரு பக்க வழிமுறை எழுதி, வார்டுச் சுவரில் ஒட்டக் கேட்டுக்கொள்கிறேன். எல்லோருக்கும் ஒரே அளவு ஊசி என்ற பழக்கத்தோடு இரவுப் பணியில் நிற்பவள் நான். மருந்து அளவை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. எழுதிக் கொடுத்தால் பின்பற்றுவேன்.

இதில் எதைச் செய்தாலும் முதலில் எடைத் தளத்தையும் கேஸ் ஷீட்டில் அந்த இரண்டு கட்டங்களையும் செய்யுங்கள். மற்றவற்றுக்கு நிதியும் நேரமும் ஆகலாம். இதற்கு ஒரு சுற்றறிக்கையும் சிறு தொகையுமே போதும்.

நன்றியுடன்,
எலும்பு முறிவுப் பிரிவுச் செவிலியர் ஒருவர்